பாரீஸ் பத்து மணி நேரம்

கடைக்கு வருகிறவர்கள் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, சக்கரத்தை உருட்டிப் பார்த்து, விலையை அடித்துப் பேசி முடித்த பிறகு, போகிற போக்கில் ஒன்று சொல்வார்கள். "பாரீசு இன்னா, பத்து மணி நேரம்தானே? ஒரு தூக்கம் போட்டு எழுந்தா எறக்கி வுட்டுடுறான்." அத்தா இருந்தவரைக்கும் சிரித்துத் தலையாட்டுவார். இப்போது கல்லாவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. "பாரீசுல எந்த ஊரு? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று வெடுக்கென்று கேட்டுவிடுவேன். அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. அப்பனுக்கு இருந்த பதவிசு பொண்ணுக்கு இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். போகட்டும். பெட்டி விற்றால் போதாதா, பதவிசும் சேர்த்தா விற்க வேண்டும்?

எங்கள் புதுச்சேரியில் பிரான்ஸ் என்று ஒரு நாடு கிடையாது. பாரீஸ் மட்டும்தான் உண்டு. எவன் எந்த மூலையில் போய் விழுந்தாலும் அவன் பாரீசில்தான் இருக்கிறான். மலையடிவாரத்தில் ஓட்டலில் தட்டு கழுவுகிறவனும் பாரீஸ், எல்லையோரத்தில் லாரி ஓட்டுகிறவனும் பாரீஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பழைய ஆட்களிலிருந்து பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகள் வரை எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். பாரீஸ், பத்து மணி நேரம். முடிந்தது.

அத்தாவின் கடை பெரிய மார்க்கெட்டுக்குப் பின்பக்கத் தெருவில். சூட்கேஸ் விற்பது, உடைந்த கைப்பிடி மாற்றுவது, ஜிப் தைப்பது, சக்கரம் போடுவது. ஊருக்குப் புறப்படுகிறவர்கள் அப்பளமும் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் அடைத்து மூட முடியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வயதான சிலர் அதை இன்னமும் 'வலீஸ்' என்றுதான் சொல்வார்கள். அத்தா பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்த்து, "ரெண்டு கிலோ எடுங்க, இல்லன்னா ஏர்போர்ட்ல எடுப்பான்" என்பார். எத்தனையோ பேரை வழியனுப்பிய மனிதர், தன் வாழ்நாளில் ஒரு விமானத்தில் கால் வைத்ததில்லை. மீனம்பாக்கத்தில் அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும் போனதுதான் அவருடைய வெளிநாட்டுப் பயணம்.

தம்பி பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான். எங்கள் ஊரில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் நகை கேட்பதற்கு முன்னால் பேப்பர் இருக்கிறதா என்று கேட்கிற குடும்பங்கள் உண்டு. அவன் போய்ச் சேர்ந்தது அந்த நாட்டின் மேற்குக் கோடியில் ஒரு கடலோரச் சிற்றூர். மீனைச் சுத்தம் செய்து டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. "குருசுக்குப்பத்துல கடலப் பாத்துக்கிட்டுச் சும்மா சுத்துனதுக்கு அல்லா தண்டன குடுத்துட்டான்க்கா" என்று என்னிடம் சிரிப்பான். பாரீசிலிருந்து அந்த ஊருக்கு ரயிலில் பாதிப் பகல் ஆகும். இது எனக்குத் தெரியும். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவசியமும் வரவில்லை. பிள்ளை பாரீசில் இருக்கிறான், அவ்வளவுதான்.

முதல் தடவை லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது தம்பி அத்தாவின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். ஆகாயத்தில் பறக்கிற விமானங்கள் எல்லாம் வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில் நகரும். அவன் ஏறுகிற விமானத்தின் எண்ணைத் தட்டினால் அது மட்டும் தெரியும். அன்றிலிருந்து அத்தாவுக்கு அது ஒரு வேலை. தம்பி விமானம் ஏறினால் கடையில் வியாபாரம் நடக்காது. "பாம்பேயத் தாண்டிட்டான்." "கருங்கடலு மேல போறான்." "இன்னும் ஆயிரம் கிலோமீட்டருதான்." அம்மாவுக்குக் கோபம் வரும். "சோத்தத் தின்னுட்டு பாருங்களேன். நீங்க பாக்கலன்னா பிளேனு வுழுந்துடுமா?" என்று சத்தம் போடுவார்கள். அத்தா அசைய மாட்டார். விமானம் தரையில் இறங்கிவிட்டதாகக் காட்டியதும், "எறங்கிட்டான். வூட்டுக்குப் போயிட்டான். சோறு போடு" என்று போனை அணைத்துவிட்டுக் கையலம்பப் போவார்.

வீட்டுக்கு எங்கே போனான்? அதற்கப்புறம்தான் அவன் பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஓடுவான். ரயிலில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் பண்ணுவான். "ஏண்டா அத்தாகிட்ட இதச் சொல்ல மாட்டேங்கற?" என்று ஒருமுறை கேட்டேன். "சொன்னா இந்த ரயிலையும் ஒக்காந்து பாப்பாங்கக்கா. பசியோட. வுடு" என்றான். நானும் விட்டுவிட்டேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அத்தா சித்திரை வெயிலில் போனார். இரண்டு வருஷமாக நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாதாமாதம் நான்தான் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து திரும்பி வந்து அவர்களோடு இருப்பவள் நான்தானே. அன்று விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர், கை கால் அலம்பக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

எங்கள் ஜனங்களில் மையத்தை, இறந்தவர் உடலை, காக்க வைக்கிற வழக்கம் கிடையாது. காலையில் மௌத்தானால் பொழுது சாய்வதற்குள் அடக்கம். இறந்தவருக்குச் செய்கிற கடைசி மரியாதை அவரைச் சீக்கிரம் மண்ணில் சேர்ப்பதுதான் என்று சொல்வார்கள். மகன் பக்கத்தில் இருந்தால் குழியில் இறங்கித் தகப்பனைக் கையில் வாங்குவான். எல்லோரும் மூன்று பிடி மண் அள்ளிப் போடுவார்கள். பெண்கள் வீட்டோடு சரி. கபுர்ஸ்தான் வாசலை நாங்கள் மிதிப்பதில்லை. எங்கள் தெரு திரும்பினால், இன்னொரு தெரு தாண்டினால், அந்த மதில் சுவர். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தச் சுவரை ஒட்டித்தான் நடந்திருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எம் புள்ள வந்து மொகத்தப் பாக்கணும். அதுவரைக்கும் எடுக்கக் கூடாது." அழுகையோடு அழுகையாக அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிவு சொல்ல வேண்டியவர் பெரியத்தா, அத்தாவுக்கு மூத்தவர். ஜமாஅத்தில் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. தன் தம்பி செத்துக் கிடக்கிற துக்கத்தில் அவரும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவருடைய பெண்ணும் பிரான்சில்தான். அவள் மெய்யாகவே பாரீசில்.

"இப்ப அங்க நடு ராத்திரி. காலைல நேரா மெட்ராசுக்கு ஒரு பிளேன் இருக்குது பாய். பத்து மணி நேரம். இன்னிக்கி ராத்திரியே வந்து எறங்கிடுவான்."

பெரியத்தா கணக்குப் போட்டார். "அப்ப ஒரு ராத்திரிதான். நாளைக்கி விடிகாலை சுபுஹு தொழுதுட்டு எடுத்துடலாம். ஐஸ் பெட்டிக்குச் சொல்லுங்க."

எங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் வீட்டுக்கு ஐஸ் பெட்டி வந்தது அதுதான் முதல் தடவை. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினேன். தம்பியிடம் ஏற்கெனவே செய்தி சொல்லியாகிவிட்டது. அவன் அழுது முடித்துவிட்டு, பித்துப் பிடித்தவன் போல டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான்.

"காலைல நேரா வர்ற பிளேனப் புடிச்சிடுடா" என்றேன்.

"எப்படிக்கா புடிப்பேன்? இங்க மொத ரயிலே விடிஞ்சாத்தான். நான் பாரீசு போய்ச் சேர மத்தியானம் ஆயிடும். அதுக்குள்ள அந்த பிளேன் போயிருக்கும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நான் பாரீசுல இல்லக்கா."

"எனக்குத் தெரியும்டா. இங்க யாருக்கும் தெரியாதே."

கீழே வந்து பெரியத்தாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் அது பொய் மாதிரியே கேட்டது. அவன் பாரீசில் இல்லை, வேறு ஊரில் இருக்கிறான், அங்கிருந்து பாரீசுக்கு ரயிலில் வரவேண்டும். பெரியத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாரீசுல இல்லன்னா? எப்பப் போனான் அங்கேர்ந்து?"

"அவன் எப்பவுமே அங்க இல்ல பெரியத்தா."

"இன்னாடி ஒளர்ற?" என்று அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்மேல் பாய்ந்தார்கள். "எம் புள்ள பாரீசுலதான் இருக்கான். அவங்க அத்தா போன்ல ஒவ்வொரு தடவையும் பாத்தாங்களே!"

பெரியத்தாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இத்தினி வருஷமா பாரீசு பாரீசுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. இன்னிக்கி ஜனாஸாவ வெச்சிக்கிட்டு இல்லன்றியே! எந்த வார்த்தைய நம்புறது?" கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மனிதர் என்னவோ ஊரை ஏமாற்றிவிட்டது போல ஆகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து, "ஒங்க பத்து மணி நேரத்த நீங்களே வெச்சிக்கிங்க" என்று கத்தினேன். பாவம், அவர் தன் மகள் வந்து போகிற கணக்கைச் சொன்னார்.

மாலையில் தம்பி பாரீசிலிருந்து கூப்பிட்டான். வளைகுடாவில் இறங்கி மாறுகிற விமானத்தில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் காலை சென்னை, மத்தியானத் தொழுகைக்குள் வீடு. நான் போனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியத்தாவிடம் நேராகக் கொடுத்தேன். தம்பி அவரிடம் அழுததை எல்லோரும் கேட்டோம். அம்மா பெரியத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பதறி விலகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. லுஹர் வரைக்கும் வெக்கறோம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்றார்.

"போன்ல காட்டட்டுமாடா?" என்று தம்பியிடம் கேட்டேன். "அத்தா மொகத்த."

"வேணாங்க்கா. போன்ல வேணாம். அதான் வரேனே, நேர்ல பாக்கறேன்."

வளைகுடாவில் இறங்கியதும் ஒருமுறை கூப்பிட்டான். நெருக்கியடித்த குரல்கள், அறிவிப்புகள், அவற்றின் நடுவே அவன். "இன்னும் ஒரே ஒரு பிளேன்தாங்க்கா. வெச்சிருக்கீங்கல்ல?" வெச்சிருக்கோம், வா என்றேன். அதற்குப் பிறகு அவன் போன் அணைந்துவிட்டது.

அவன் ஏறிய சற்று நேரத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. சித்திரையில் எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? போகும், வரும். அன்று போனது வரவில்லை. வீட்டு இன்வர்ட்டர் அந்தப் பெட்டியை இழுக்கவில்லை. ஜெனரேட்டருக்கு ஆள் அனுப்பினோம், கிடைக்கவில்லை. பெட்டியின் கண்ணாடியில் நீர் கோத்தது. பிறகு சொட்டியது. அடியிலிருந்து தரையில் வழிந்ததை நான் பழைய துணி வைத்துத் துடைத்துத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன். பொழுது வெளுக்கும்போது பெரியத்தா தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து நான்கு பேரோடு வந்தார். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தார். நானும் பார்த்தேன். அது அத்தாவின் முகம்தான். ஆனால் முந்தைய நாள் இருந்த முகம் இல்லை.

"போதும்" என்றார் பெரியத்தா. "தண்ணி வெய்யுங்க. குளிப்பாட்டணும்."

"லுஹர்னு சொன்னீங்களே பெரியத்தா! அவன் கடலு மேல வந்துக்கிட்டிருக்கான். இன்னும் அஞ்சு மணி நேரம். அஞ்சே மணி நேரம்."

"நேத்து பத்து மணி நேரம்னீங்க. ஒரு பகலு, ஒரு ராத்திரி போயிடுச்சு. இப்ப இன்னும் அஞ்சுன்றே. ஒங்க பாரீசு தள்ளிக்கிட்டே போவுதும்மா." பெட்டியின் கண்ணாடியை மறுபடி துடைத்தார். "இவன் எனக்குத் தம்பி. இந்த நெலையில அவன் புள்ள வந்து பாக்கணுமா? நீ சொல்லு. பாக்கணுமா?"

எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அவர் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆண்கள் குளிப்பாட்டி வெள்ளைத் துணி உடுத்தினார்கள். முகத்தை மூடுவதற்கு முன்னால் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டார்கள். அம்மா பார்த்தார்கள். நான் பார்த்தேன். மூடிவிட்டார்கள். அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, பெரியத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னையாவது கூட்டிட்டுப் போங்க. தம்பிக்கு பதிலா நான் ஒரு பிடி மண்ணு போட்டுட்டு வந்துடுறேன். ஓரமா நிக்கிறேன்." அவர் அதிர்ந்து போனார். கோபித்துக்கொள்ளவில்லை. என் தலையில் கையை வைத்து, "அது பழக்கம் இல்லம்மா. உள்ள போ" என்றார். தூக்கிக்கொண்டு தெரு திரும்பினார்கள். வாசற்படியில் நின்று பார்த்தேன். திருப்பம் வரைக்கும்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே வந்து அத்தாவின் போனை எடுத்தேன். தம்பி சொன்ன எண்ணைத் தட்டினேன். நீலத்துக்கு நடுவே மஞ்சள் விமானம் நகர்ந்துகொண்டிருந்தது. கீழே கடல் மட்டும்தான். வந்த தூரம் இவ்வளவு, வரவேண்டிய தூரம் இவ்வளவு என்று போட்டிருந்தது. பள்ளிவாசல் பக்கமிருந்து தக்பீர் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. இப்போது குழியில் இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது பலகை வைக்கிறார்கள். இப்போது மண் போடுகிறார்கள். விமானம் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு சன்னல் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான், அத்தா ஐஸ் பெட்டியில் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு. கையில் போனை வைத்துக்கொண்டு அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த வெறியில் அந்தப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அத்தாவின் போனாயிற்றே என்று விட்டேன்.

விமானம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன்.

"எறங்கிட்டேங்க்கா. கார் ஏறப் போறேன். அத்தாவ வெச்சிருக்கீங்கல்ல?"

என் வாய் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். "வெச்சிருக்கோம்டா ராசா. பதறாத. மெதுவா வா" என்றார்கள். வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "மூணு மணி நேரம் கார்ல தனியா வர்றான்டி. வழியில இன்னாவது ஆயிட்டா? இருக்கறது ஒண்ணுதான்."

அதனால் அந்த மூன்று மணி நேரமும் நாங்கள் பொய்யிலேயே இருந்தோம். அவன் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். மாமல்லபுரம் தாண்டிட்டேங்க்கா. மரக்காணம் வந்துட்டேங்க்கா. காலாப்பட்டுக்கா, ஆச்சு, ஆச்சு. ஒவ்வொரு தடவையும், "மொகத்த மூடிடாதீங்க" என்பான். ஒவ்வொரு தடவையும் சரிடா என்றேன். அத்தா இருந்திருந்தால் இந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் தன் பங்குக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவன் வந்து இறங்கியபோது ஐஸ் பெட்டியை வாடகைக்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். கூடத்துத் தரையில் பெட்டி நின்ற இடம் மட்டும் இன்னும் காயவில்லை. தோளில் ஒரு பை. அந்த வெயிலில் அவன் மேலே குளிருக்குப் போடுகிற கோட்டு. கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறான். வாசலில் செருப்புகள் இல்லாததைப் பார்த்தான். கூடத்தைப் பார்த்தான். ஈரத்தைப் பார்த்தான்.

"எங்க?" என்றான்.

பெரியத்தா எழுந்து அவன் பக்கம் வந்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"நீ கூடவாக்கா?"

வெச்சிருக்கோம்னு நீ கார் ஏறும்போது மொதல்ல சொன்னது அம்மாடா, நான் இல்லடா என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன? அவன் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா அவன் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதார்கள். அவன் அழவில்லை. வெகுநேரம் கழித்துப் பெரியத்தா அவனை எழுப்பிக் கபுர்ஸ்தானுக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது முழங்காலில் மண் ஒட்டியிருந்தது.

ஒரு வாரம் இருந்தான். என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் தின்றான். கடையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். யாரோ ஒரு கிழவர் கைப்பிடி போடக் கொடுத்திருந்த பெட்டி பாதி வேலையில் கிடந்தது. அதை எடுத்து முடித்து வைத்தான். புறப்படுகிற அன்று மத்தியானம் மாடியில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றான். தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மொகம் எப்படி இருந்துச்சுக்கா?"

கையில் இருந்த துணியை மடித்தேன். மறுபடி பிரித்தேன். "தூங்கற மாதிரிதான்டா இருந்தாங்க. மத்தியானம் கடையச் சாத்திட்டு வந்து படுப்பாங்களே, அது மாதிரி. ஒண்ணும் மாறல" என்றேன்.

தலையாட்டினான். கண்ணில் கரகரவென்று நீர் வந்தது. வந்ததிலிருந்து அப்போதுதான் அழுதான். அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு நான் கேட்டேன்.

"எடம் எப்படிடா இருக்குது? உள்ள?"

கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தான். "நல்ல எடம்க்கா. உள்ள போனதும் ஒரு பெரிய வேப்பமரம் இருக்குது. அதுக்குக் கீழதான். நல்ல நெழலு. காத்து வருது."

எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த வெயில் காலம் முழுக்க, கடைக்குப் போகும்போதும் வரும்போதும் மதில் ஓரமாக நடந்தால், உள்ளே ஒரு வேப்பமரம் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சுவருக்கு மேலே கிளை எதுவும் தெரியவில்லை. சின்ன மரமாக இருக்கும், அல்லது நடுவில் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் திரும்பிப் போனபோது அத்தாவின் போனில் நான்தான் விமானத்தைப் பார்த்தேன். இறங்கியதும் அணைக்கவில்லை. ரயில் ஏறிவிட்டாயா, எங்கே வந்தாய் என்று அவன் வீட்டுக் கதவைத் திறக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். "சாப்ட்டியாக்கா?" என்றான். இல்லை என்றேன். "அதான்" என்றான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கபுர்ஸ்தானில் குழி வெட்டுகிறவரின் மனைவி கிழிந்த பையைத் தைக்கக் கடைக்கு வந்தவள், தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "ஒங்க அத்தா பக்கம்தாங்க ரொம்ப மோசம். புதுசா எடுத்ததெல்லாம் பின்னாடி வாய்க்கா ஓரம்ல? சாக்கடத் தண்ணி ஏறி நிக்குது. மண்ணு உள்வாங்கிடுச்சு. எங்க வூட்டுக்காரரு ரெண்டு தடவ மண்ணு கொட்டிட்டாரு."

"வேப்பமரத்துக்குக் கீழ இல்ல?" என்று கேட்டேன்.

"வேப்பமரமா? உள்ள ஏதுங்க வேப்பமரம்? முள்ளுதான் மண்டிக் கெடக்குது."

பையைத் தைத்துக் கொடுத்தேன். அவள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவன், போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறான். அந்த வாய்க்காலை அவன் பார்த்திருக்கிறான். அந்த முள்ளைப் பார்த்திருக்கிறான். இரண்டு தெரு தள்ளி இருக்கிற நான் ஒருநாளும் போய்ப் பார்க்கப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் கூப்பிட்டான். அங்கே செய்தியில் நம் பக்கத்து மழையைக் காட்டினார்களாம்.

"ரொம்ப மழையாக்கா?"

"ஆமாண்டா. வுடாம பேயுது."

அவன் பின்னால் ரயில் போகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அத்தா பக்கம் ஒண்ணும் இல்லல்ல?" என்றான்.

"அதுக்கின்னாடா" என்றேன். "அதான் வேப்பமரம் இருக்குதே. அத்தா நனைய மாட்டாங்க."

ரயில் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க்கா" என்றான்.